ஆன்டிவைரஸ் போடுங்கள், மெயிலைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்: குமரி மாவட்டக் கம்ப்யூட்டர் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கடைக்காரர்களுக்கு, வணக்கம்.

நாகர்கோவில் கோர்ட் ரோட்டில் ஷோரூம் வைத்திருப்பவர், மார்த்தாண்டம் மேம்பாலத்தடியில் ஒற்றை மேசை போட்டு லேப்டாப்பைப் பிரித்துப் பார்ப்பவர், குளச்சலிலும் கருங்கலிலும் செல்போன் ரீசார்ஜோடு கம்ப்யூட்டர் சர்வீஸும் பார்ப்பவர் என்று எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். தக்கலையில் ஜிஎஸ்டியும் வருமான வரியும் பார்க்கிற சின்ன அலுவலகம் என்னுடையது. முந்திரி ஆலைக்காரர்கள், ரப்பர் ஷீட் வியாபாரிகள், தேன் வாங்கி விற்பவர்கள், தோவாளையில் பூ ஏற்றி அனுப்புகிறவர்கள் என் வாடிக்கையாளர்கள். அவர்களுக்கு மெயில் வராமல் போனால் முதல் போன் எனக்கு வரும், இரண்டாவது உங்களுக்கு. இடையில் நடப்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துத்தான் இந்த மடல்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டர் வாங்கினாலும் சரி, சர்வீஸுக்குக் கொடுத்தாலும் சரி, நீங்கள் ஆன்டிவைரஸ் போட்டுக் கொடுக்கிறீர்கள். நல்லது. ஆனால் நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ் என்று அழுத்திப் போடும்போது அதிலுள்ள மெயில் ஸ்கேனும் சேர்ந்தே ஏறிவிடுகிறது. அது தண்டர்பேர்டு, அவுட்லுக் போன்ற மெயில் புரோகிராமுக்கும் சர்வருக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்கிறது. கம்ப்யூட்டரின் சொந்தக்காரருக்கு அது தெரியாது. கடையில் போட்டுக் கொடுத்த பையனுக்கும் பல நேரம் தெரியாது. அந்த மென்பொருளை எழுதியவர்கள் எங்கோ உட்கார்ந்திருக்கிறார்கள், தக்கலையிலிருந்து ஒருவன் எழுதும் மடல் அவர்களை எட்டப்போவதில்லை. எந்த டிக்கை விடுவது, எதை எடுப்பது என்று கடைசியில் முடிவு செய்யும் கை உங்களுடையது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

முன்பெல்லாம் இந்த வேலை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நடந்தது. ஆன்டிவைரஸ் நேராக அக்கவுண்ட் செட்டிங்ஸுக்குள் நுழைந்து, சர்வர் பெயர் இருந்த இடத்தில் 127.0.0.1 என்று எழுதிவிடும். அந்த எண் அதே கம்ப்யூட்டரைக் குறிப்பது. மெயில் புரோகிராம் வெளியே போகாமல் உள்ளேயே ஆன்டிவைரஸிடம் கேட்கும், அது வெளியே போய் வாங்கிக்கொண்டு வரும். உண்மையான சர்வர் பெயரை யூசர்நேமோடு ஒட்டி வைத்திருக்கும். 2000-களின் தொடக்கத்தில் நார்ட்டன் போட்டிருந்த கம்ப்யூட்டர்களில் சர்வர் இடத்தில் ‘பாப்3.நார்ட்டன்.ஆன்டிவைரஸ்’ என்றே இருக்கும். பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அந்த ஆன்டிவைரஸை நீக்கும்போது எழுதியதை அழிக்காமல் போனால் போச்சு. மெயில் புரோகிராம் தன் கம்ப்யூட்டருக்குள்ளேயே யாரும் இல்லாத கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். பழைய புரொஃபைலை (மெயில்களும் செட்டிங்ஸும் இருக்கும் ஃபோல்டரை) அப்படியே புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றி மாற்றி வைத்திருக்கிற அலுவலகங்கள் நம் மாவட்டத்தில் நிறைய உண்டு. அங்கே இன்றைக்கும் 127.0.0.1 தலைகாட்டும்.

வேறு சில மென்பொருள்கள் இன்னொரு வேலை செய்யச் சொல்லும். வழியில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்த மெயிலை அவற்றாலும் படிக்க முடியாது. அதனால் மெயில் புரோகிராமில் அந்த மறையாக்கத்தை, அதாவது எஸ்எஸ்எல்லை, ஆஃப் செய்துவிடு, வெளியே போகும் வழியில் பாதுகாப்பை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும். கடைக்காரரும் செய்து கொடுத்துவிடுவார். லைசென்ஸ் முடிந்து வேறு ஆன்டிவைரஸ் வந்த பிறகும் அந்த ஆஃப் அப்படியே கிடக்கும். அதன் பிறகு ஒன்று மெயில் நின்றுபோகும், இல்லையென்றால் பாஸ்வேர்டு பட்டவர்த்தனமாக வெளியே போகும். நின்றுபோவதே மேல், தொந்தரவு இருப்பதாவது தெரியும். மெயிலை 993, 995, 465 என்ற போர்ட்டுகளில், அதாவது சர்வரின் எண்ணிட்ட வாசல்களில், தொடக்கத்திலிருந்தே மறையாக்கத்தோடு அனுப்பிப் பெறுவதே முறை என்று இணையத் தரம் வகுப்பவர்கள் 2018-இலேயே ஆர்எஃப்சி 8314 என்ற ஆவணத்தில் எழுதிவிட்டார்கள்.

இப்போதைய மென்பொருள்கள் செட்டிங்ஸைத் தொடுவதில்லை. சர்வர் பெயர் சரியாக இருக்கும், போர்ட் சரியாக இருக்கும், பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் விண்டோஸுக்குள் ஆழத்தில் இருந்துகொண்டு மெயில் போகிற வழியையே மறித்துவிடுகின்றன. தபால்காரர் கொண்டுவரும் உறையை வாசலிலேயே ஒருவர் வாங்கி, பிரித்துப் படித்து, வேறு உறையில் போட்டு, அதே முத்திரை மாதிரி தானே ஒன்றைக் குத்தி உங்களிடம் கொடுத்தால் எப்படியோ அப்படி. அந்த முத்திரைதான் சான்றிதழ். ஜிமெயிலின் சர்வர் காட்டும் சான்றிதழை வழங்கியவர் இடத்தில் கூகுள் ட்ரஸ்ட் சர்வீசஸ் என்று இருக்க வேண்டும். அங்கே ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால் உறை பிரிக்கப்பட்டது என்று அர்த்தம்.

அவுட்லுக் விண்டோஸ் வைத்திருக்கும் சான்றிதழ்ப் பட்டியலை நம்பும். ஆன்டிவைரஸ் தன் சான்றிதழை அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுவதால் சத்தமே வராது. தண்டர்பேர்டு தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஆன்டிவைரஸின் சான்றிதழ் அதில் ஏறாவிட்டால் அது சும்மா இருக்காது, எச்சரிக்கைப் பெட்டியை நீட்டும். அதன் அடியில் ‘கன்ஃபர்ம் செக்யூரிட்டி எக்ஸெப்ஷன்’ என்று ஒரு பட்டன். வாடிக்கையாளர் உங்களுக்குப் போன் செய்வார். “அது ஒண்ணும் இல்ல சார், அந்த பட்டனை அமுக்கிடுங்க” என்பீர்கள்.

எனக்கு மிகவும் கோபம் வருவது இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான். அந்த எச்சரிக்கை சொல்வது உண்மை. நடுவில் ஒருவர் இருக்கிறார். இந்தத் தடவை அது ஆன்டிவைரஸ், சரி. ஆனால் அமுக்கிப் பழகிய கை அடுத்த முறையும் அமுக்கும். என் வாடிக்கையாளர்களில் ஒருவர் வெளியூர் பார்ட்டியைப் பார்க்கக் கன்னியாகுமரிக்குப் போய் ஏதாவது லாட்ஜில் தங்குவார். யார் யாரோ வந்து போகிற வைஃபையில் லேப்டாப்பைத் திறப்பார். அங்கே நிஜமாகவே ஒருவன் நடுவில் புகுந்தாலும் வருவது அதே பெட்டி, அதே பட்டன். கடையில் சொன்னார்களே என்று அமுக்குவார். வைரஸிலிருந்து காப்பாற்றப் போட்ட மென்பொருள், திருடனுக்குக் கதவைத் திறந்துவிடும் பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்கிறது.

கம்பெனியே போட்டுக் கொடுப்பதுதானே, அதில் என்ன வரப்போகிறது என்பவர்களுக்கு 2015-இல் லெனோவா லேப்டாப்களில் வந்த சூப்பர்ஃபிஷ் விவகாரத்தை ஞாபகப்படுத்துகிறேன். அது ஆன்டிவைரஸ் அல்ல, விளம்பரம் காட்டும் மென்பொருள். ஆனால் செய்த வேலை இதே நடுவில் உட்காரும் வேலைதான். எல்லா லேப்டாப்பிலும் ஒரே ரகசியச் சாவியை வைத்திருந்தார்கள். அது வெளியே வந்ததும், அந்தச் சாவி கையில் இருக்கிற யார் வேண்டுமானாலும் எந்த இணையதளமாகவும் வேஷம் போடலாம் என்று ஆகிவிட்டது. கடைசியில் லெனோவாவே அதை நீக்க ஒரு கருவி கொடுக்க வேண்டி வந்தது.

இனி, தினசரி நடக்கிற கூத்துக்கு வருகிறேன்.

கருங்கல் பக்கம் முந்திரி ஆலை வைத்திருக்கும் ஒருவர் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். ஆன்டிவைரஸோடு கொடுத்தார்கள். மறுநாள் மெயில் புரோகிராமில் ‘லாகின் ஃபெயில்டு’ என்று வந்தது. நடுவில் நின்ற ஸ்கேனர் தடுமாறியதுதான் காரணம், ஆனால் மெயில் புரோகிராமுக்கு அது எப்படித் தெரியும்? பாஸ்வேர்டைத் திரும்பக் கேட்டது. பாஸ்வேர்டு தப்பு போலிருக்கிறது என்று கடையில் சொல்ல, மகன் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டையே மாற்றிவிட்டான். சாதாரண பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு மெயில் புரோகிராம்கள் உள்ளே வருவதை 2022 மே 30-உடன் கூகுள் நிறுத்திவிட்டது. அதன் பிறகு ஒன்று கூகுளின் சொந்த லாகின் பக்கம் வழியாக வர வேண்டும், இல்லையென்றால் கூகுள் தனியாக உருவாக்கித் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு வேண்டும். கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் அதுவரை வாங்கி வைத்த ஆப் பாஸ்வேர்டுகள் அத்தனையும் செல்லாமல் போகும். அவ்வளவுதான், ஆலை அலுவலகத்து இன்னொரு கம்ப்யூட்டரும் நின்றது, மெயில் அனுப்புகிற ஸ்கேனர் மெஷினும் நின்றது. தூத்துக்குடியிலிருந்து கப்பல் ஏஜென்ட் அனுப்பிய பில் ஆஃப் லேடிங் (கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ரசீது) நகலைப் பார்க்க ஆளில்லை. மூல காரணம் ஆன்டிவைரஸில் இருந்த ஒரு டிக். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. தண்டர்பேர்டில் இன்பாக்ஸ் என்பது ஒரே ஒரு கோப்பு. ஆயிரக்கணக்கான மெயில்கள் அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும். ஒரு மெயிலை டெலீட் செய்தாலும் கண்ணுக்குத்தான் மறையும், ‘கம்பாக்ட்’ செய்து கோப்பைச் சுருக்கும் வரை கோப்புக்குள்ளேயே இருக்கும். என்றைக்கோ வந்த ஒரு வைரஸ் மெயிலை அன்றே டெலீட் செய்திருப்பார்கள். இன்றைக்கு ஆன்டிவைரஸ் அப்டேட் ஆகி, முழு ஸ்கேன் ஓடி, அந்தக் கோப்பில் வைரஸ் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும். அது அறிந்தது கோப்பைத்தான், தனி மெயிலை அல்ல. மொத்த இன்பாக்ஸையும் குவாரன்டைனுக்குள், அதாவது சந்தேகக் கோப்புகளை அடைத்து வைக்கும் இடத்துக்குள், தூக்கிப் போட்டுவிடும். காலையில் திறந்தால் இன்பாக்ஸ் காலி. மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் ஐமேப் முறையில் இருந்தால் அங்கே நகல் இருக்கும், தப்பிக்கலாம். மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் பாப் முறையில், சர்வரில் விட்டுவைக்காமல் இறக்கிக்கொண்டிருந்தால், அந்தக் குவாரன்டைனில் கிடப்பதுதான் ஒரே நகல். பழைய வைரஸை அப்புறப்படுத்துகிறேன் என்று யாராவது குவாரன்டைனைக் காலி செய்துவிட்டால் கதை முடிந்தது.

இதற்குத் தண்டர்பேர்டிலேயே ஒரு வழி இருக்கிறது. வருகிற மெயில் ஒவ்வொன்றையும் முதலில் தனிக் கோப்பாக வைத்து, ஆன்டிவைரஸ் பார்த்த பிறகு இன்பாக்ஸில் சேர்க்கும்படி பிரைவசி அன்ட் செக்யூரிட்டி பகுதியில் ஒரு டிக் உண்டு. அதைப் போட்டுக் கொடுத்த கடை ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

அப்புறம் ஃபார்மேட், அதாவது எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது. நம் ஊர் சர்வீஸ் கடைகளில் எந்த நோய்க்கும் அதுதான் மருந்து. மெயில் வரவில்லையா, ஃபார்மேட். “பேக்கப் எடுத்துட்டோம் சார்” என்பீர்கள். உண்மைதான், டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டி டிரைவ் எல்லாம் பத்திரமாக இருக்கும். தண்டர்பேர்டு மெயில்கள் அங்கே இருப்பதில்லை. யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா என்று ஒரு மறைவு ஃபோல்டர், அதற்குள் ரோமிங், அதற்குள் தண்டர்பேர்டு. அதை எடுக்காமல் ஃபார்மேட் போட்டால் பாப் முறையில் இறக்கிய பல வருஷ மெயில்கள் போய்விடும். அவுட்லுக்கில் பாப் வைத்திருப்பவர்களுடைய மெயில்கள் இருக்கும் பிஎஸ்டி கோப்பு பெரும்பாலும் டாக்குமெண்ட்ஸுக்குள் இருப்பதால் அவர்கள் அதிர்ஷ்டத்தில் தப்பிக்கிறார்கள்.

மெயில் நாலு நாள் வராவிட்டால் குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். என் தொழிலில் முழுகத்தான் செய்யும். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 169-ஆம் பிரிவைப் பாருங்கள். பதிவின்போது கொடுத்த மெயில் முகவரிக்கு அனுப்பினாலே நோட்டீஸ் கொடுத்ததாகக் கணக்கு. பதிவை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கேட்டு வரும் ரெக்-17 நோட்டீஸுக்குப் பதில் சொல்ல 7 வேலை நாள்தான். அந்த மெயில் ஆன்டிவைரஸுக்கும் தண்டர்பேர்டுக்கும் நடந்த சண்டையில் சிக்கிக்கொண்டது என்று அதிகாரியிடம் போய்ச் சொன்னால் சிரிப்பார். போர்ட்டலிலும் அது இருக்கும்தான். ஆனால் கடை நடத்துகிறவர் தினமும் போர்ட்டலைத் திறந்து பார்ப்பதில்லை, மெயில் வந்தால்தான் என்னைக் கூப்பிடுவார். மண்டைக்காட்டுக் கொடைக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள், ஜிஎஸ்டிக்கு அந்தச் சலுகையும் இல்லை.

உங்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். மெயில் ஸ்கேனை எடுத்துவிட்டு, நாளைக்கே ஒரு வைரஸ் வந்தால் “அவந்தான் ஆஃப் பண்ணினான்” என்று உங்கள் சட்டையைத்தான் பிடிப்பார்கள். எல்லாவற்றையும் ஆன் செய்து கொடுத்தால் உங்கள் மேல் பழி இல்லை. ஆனால் மெயில் ஸ்கேனை எடுத்தால் வாசல் திறந்து கிடக்கும் என்பது சரியல்ல. மெயிலில் வந்த கோப்பைச் சேமிக்கும்போதும் திறக்கும்போதும் ஆன்டிவைரஸின் கோப்புக் காவல் அதைப் பார்த்துத்தான் விடும், அதை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. ஜிமெயில் தன் சர்வரிலேயே வைரஸ் பார்க்கிறது. எக்ஸி (புரோகிராம்) கோப்புகளை அது அனுமதிப்பதே இல்லை, 2017 பிப்ரவரியிலிருந்து ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளையும் சேர்த்துத் தடுத்துவிட்டது. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் மெயில் வழியை மறித்துச் சான்றிதழ் மாற்றும் வேலைக்கே போவதில்லை. ஒரே ஒரு இடத்தில் மெயில் ஸ்கேனுக்குக் கொஞ்சம் பயன் உண்டு என்று ஒத்துக்கொள்கிறேன். சொந்தப் பெயரில் டொமைன் வாங்கி, மலிவான ஹோஸ்டிங்கில் மெயில் வைத்திருப்பவர்கள். அந்த சர்வரில் வைரஸ் சோதனை இல்லாமல் இருக்கலாம். அவர்களுக்கும் சர்வரை மாற்றிக்கொள்வதுதான் சரியான தீர்வு என்பது என் கருத்து, கம்ப்யூட்டருக்குள் இன்னொருவரை நடுவில் உட்கார வைப்பதல்ல.

கேட்கிற விஷயம் பெரிதில்லை. ஆன்டிவைரஸ் போடும் முன் “மெயில் எதில் பார்க்கிறீங்க?” என்று கேளுங்கள். பிரவுசரில் என்றால் இந்தப் பேச்சே இல்லை. தண்டர்பேர்டு, அவுட்லுக் என்றால் கஸ்டம் இன்ஸ்டால் எடுத்து, மெயில் ஸ்கேனையும் மெயிலுக்கான எஸ்எஸ்எல் ஸ்கேனையும் விட்டுவிடுங்கள். கோப்புக் காவல் இருக்கட்டும். தண்டர்பேர்டு புரொஃபைல் ஃபோல்டரை ஸ்கேனிலிருந்து விலக்கி வையுங்கள், முழு இன்பாக்ஸும் குவாரன்டைனுக்குப் போகிற ஆபத்து அதோடு போகும். பழைய ஆன்டிவைரஸை நீக்கும்போது அந்தந்தக் கம்பெனி தரும் நீக்கும் கருவியை ஓட்டுங்கள். பிறகு அக்கவுண்ட் செட்டிங்ஸைத் திறந்து 127.0.0.1 எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா, எஸ்எஸ்எல் ஆஃபில் கிடக்கிறதா, விண்டோஸின் சான்றிதழ்ப் பட்டியலில் நீக்கிய ஆன்டிவைரஸின் சான்றிதழ் மிச்சமிருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். பழையதை நீக்காமல் அதன் தலையிலேயே புதியதைப் போடுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இரண்டும் ஒரே மெயிலை மறிக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெரிய அட்டாச்மென்ட் அனுப்பும்போது நடுவில் நிற்பவர் மெதுவாகப் படித்துக்கொண்டிருக்க, தண்டர்பேர்டு தன் வழக்கமான 100 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு ‘டைம்டு அவுட்’ என்று கைவிட்டுவிடும்.

மெயில் நின்றது என்று யாராவது வந்தால், பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் முன்னால் மெயில் ஸ்கேனை ஒரு நிமிஷம் ஆஃப் செய்து பாருங்கள். மெயில் ஓடினால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். சான்றிதழ் எச்சரிக்கை வந்ததாகப் போன் வந்தால், அமுக்கச் சொல்லாமல், வழங்கியவர் பெயர் என்ன என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவராக இருந்தால் தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரைப் பார்க்க உதவும் அனிடெஸ்க்கில் நீங்களே போய்ப் பாருங்கள், அதற்கு நூறு ரூபாய் வாங்கினாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

பில்லின் பின்பக்கம் சர்வர் பெயர், போர்ட், ஐமேப்பா பாப்பா, போட்ட ஆன்டிவைரஸில் எது ஆன், எது ஆஃப் என்று நாலு வரி எழுதிக் கொடுத்தால் அடுத்து பார்க்கிறவருக்குப் பாதி வேலை மிச்சம். அடுத்து பார்க்கிறவர் பெரும்பாலும் நீங்களேதான்.

இன்னொன்று, சின்ன விஷயம், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில ஆன்டிவைரஸ்கள் வெளியே போகும் ஒவ்வொரு மெயிலின் அடியிலும் ‘இந்த மெயில் வைரஸ் சோதனை செய்யப்பட்டது’ என்று தன் பெயரோடு ஒட்டிவிடும். குழித்துறையில் ஒரு வக்கீல் எதிர்த்தரப்புக்கு அனுப்பிய நோட்டீஸில், கையெழுத்துக்குக் கீழே இந்த விளம்பரம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. டிஜிட்டல் கையொப்பமிட்ட மெயிலில் இப்படி ஒரு வரியை நடுவழியில் சேர்த்தால் அந்தக் கையொப்பமே செல்லாது என்று காட்டும். அந்த டிக்கையும் எடுத்துவிடுங்கள், ஐயா. காசு கொடுத்து லைசென்ஸ் வாங்கியவர் கம்பெனிக்கு விளம்பரமும் செய்ய வேண்டுமா?

ஜிமெயிலுக்கும் நம் பக்கத்தில் அதிகம் புழங்கும் சில ஹோஸ்டிங் கம்பெனிகளுக்கும் உரிய சர்வர், போர்ட் விவரங்களையும், புரொஃபைல் ஃபோல்டரை பேக்கப் எடுக்கும் வழியையும் ஒரே தாளில் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் பிரதி தருகிறேன், காசு வேண்டாம். கடைப் பையன்களை அனுப்பி வைத்தால் ஒரு மதியம் உட்கார்ந்து காட்டியும் கொடுக்கிறேன். மாதத்தில் 20-ஆம் தேதி தாண்டி அனுப்புங்கள். அதற்கு முன்னால் ஜிஎஸ்டி மாத ரிட்டர்னான 3பி தாக்கல் இருப்பதால் டீ வாங்கித் தரக்கூட எனக்கு நேரம் இருக்காது.

இப்படிக்கு,
தக்கலையிலிருந்து ஒரு வரிக் கணக்கர்